ஏழாம் நாள் பார்க்காத கை

அம்மை குத்துகிறவனுக்கு ஊரில் ஒருத்தரும் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். பொய். எனக்குக் கொடுத்தார்கள். சொம்பு நிறையக் கொடுத்தார்கள். அண்ணாந்து குடித்துவிட்டுத் தலையை இறக்கிப் பார்த்தால் வீட்டிலிருந்த பிள்ளைகளில் ஒன்றைக்கூடக் காணோம். நான் குடிக்கிற நேரத்துக்குள் கொல்லை வழியாக வாய்க்காலைத் தாண்டியிருக்கும். தண்ணீர் கொடுத்ததே அதற்குத்தான் என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

வெள்ளைக்காரன் காலத்துச் சர்க்கார் உத்தியோகம். பூந்தமல்லியில் வீடு. சுற்றிலும் இருபதுக்கு மேல் கிராமங்கள் என் எல்லை. ஒரு சைக்கிள், ஒரு தகரப் பெட்டி, ஒரு ரிஜிஸ்தர். கண்ணாடிக் குழாயில் அடைத்து வரும் அம்மைப்பால், அதாவது தடுப்பு மருந்து, வெயில் பட்டால் வீணாகிவிடும் என்பதால் அதை ஈரத்துணியில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல எடுத்துப்போவேன். பிள்ளைகளை நெல் குதிருக்குள் ஒளித்தார்கள், வைக்கோல் போருக்குள் ஒளித்தார்கள். ஒரு தாய் தன் மகனுக்குப் பாவாடை கட்டிவிட்டு, "இது பொம்பளப் புள்ளைங்க" என்றாள். "பொம்பளப் புள்ளைக்கும் குத்துவேன் தாயி" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, என் கை நல்ல கை. ஊசி என்று பேர்தானே தவிர அது நாலணாவைவிடச் சின்ன வட்டத் தகடு, விளிம்பில் முள் முள்ளாகப் பல் வைத்தது. தோளுக்குக் கீழே பாலைத் தடவி, அதன்மேல் அந்தத் தகட்டை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகவேண்டும். அழுத்தம் கூடினால் ரத்தம் வந்து பாலைக் கழுவிவிடும். குறைந்தால் தோலோடு நின்றுவிடும். அந்த நடு இடம் என் விரலுக்குத் தெரியும். ஏழாம் நாள் திரும்பப் போய்ப் பார்த்தால் குத்தின நாலு இடமும் முத்து முத்தாக எழும்பி நிற்கும். எழும்பவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குக் காப்பு இல்லை, மறுபடி குத்தவேண்டும். ஆகவே ஏழாம் நாள் பார்க்காமல் ரிஜிஸ்தரில் 'எழும்பியது' என்று எழுதக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் வேதம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொருவர் குத்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு. நான் இடது கையில், மேலே இரண்டு கீழே இரண்டு என்று கட்டம் போல வைப்பேன். சந்தையில் யாராவது சட்டையில்லாமல் மூட்டை தூக்கிக்கொண்டு போனால் தோளைப் பார்த்தே, "இது என் கை" என்று சொல்லிவிடுவேன். கர்வம்தான். இருக்கட்டுமே, கர்வப்பட எனக்கு வேறென்ன இருந்தது?

பெற்ற பிள்ளையைப் பற்றிக் கர்வப்பட முடியாது, அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு என்று ஒரு மகன். நான் ஆள் பிடித்து, கால் பிடித்து, தாலுகா கச்சேரியில் பியூன் வேலை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் வந்து வீட்டில் குந்திக்கொண்டான். கேட்டால், "தாசில்தாரு அவுரு சம்சாரத்துக்குக் கத்திரிக்கா வாங்கியாரச் சொல்றாரு நைனா, அதுலயும் சொத்த கீதுன்னு திட்டறாரு" என்றான். அப்புறம் ஒரு மண்டியில் கணக்கெழுதப் போனான். அங்கே முதலாளியோடு சண்டை. அப்புறம் பஸ்ஸில் ஏறினான். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் பெரிய அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓட்டுவார்கள். கரி கிளறுகிற வேலை, அதோடு டிரைவரிடம் வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டான். முகம் முழுக்கக் கரியோடு வந்து நின்று சிரித்தான். அந்த அழகில் அவனுக்கு ஒரு கல்யாணத்தையும் செய்துவைத்தோம். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று என் சம்சாரம் சொன்னாள். கட்டிய கால் ஆவடி வரைக்கும் ஓடிற்று.

வந்த மருமகள் தங்கம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் கவனித்து வைத்திருப்பாள். அடுத்த வருஷமே ஒரு பேத்தியைக் கொடுத்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையைப் பிடித்தவன், எனக்குத் தெரியாதா? அப்படி ஒரு குழந்தையை இந்தப் பூந்தமல்லி வட்டாரமே பார்த்ததில்லை. மற்றப் பிள்ளைகள் என்னைக் கண்டால் வீறிட்டு அழும். இவள் என் சைக்கிள் மணி கேட்டதும் கையைத் தட்டுவாள்.

எட்டாம் மாதம், தை மாதக் குளிரில், அவளுக்குக் குத்த நாள் பார்த்தேன். மருமகள் மடியில் வைத்துக்கொண்டாள், மகன் காலைப் பிடித்துக்கொண்டான். பாலைத் தடவித் தகட்டை எடுத்தேன். பளபளவென்று மின்னியதைக் கண்டு குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டிச் சிரித்தது. என் பொன்னே! எத்தனையோ பிள்ளைகளுக்குத் துணிந்த கை அன்று துணியவில்லை. வைத்தேன், திருகினேன். நாலு இடத்திலும் திருகினேன். குழந்தை ஒரு சிணுங்கல் சிணுங்கிவிட்டு மறுபடி சிரித்தது. அழவில்லை.

"பாத்தியா, தாத்தா கை பூ மாதிரி" என்று என் சம்சாரம் பூரித்துப்போனாள். நானும்தான் பூரித்தேன். அழாத பிள்ளைக்கு அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, ஏழாம் நாள் பார்த்துவிடலாம், எழும்பாவிட்டால் மறுபடி குத்திவிடலாம் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் காலை மகன் ஒரு கட்டை வண்டியோடு வந்து நின்றான். ஆவடியில் ராணுவத்துக்குக் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதில் கன்ட்ராக்டரிடம் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், குடியிருக்கத் தகரக் கொட்டகை தருகிறார்களாம், பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்புகிறானாம்.

"ஏண்டா, கைப்புள்ளைய வச்சிக்கினு கூலி லைனுல போய்க் குடியிருப்பியா? ரெண்டு நாள் கழிச்சுப் போயேன்!"

"நாளைக்கு வர்லன்னா வேற ஆள போட்டுடுவாங்கோ நைனா. லாரி நைனா! ஸ்டீரிங்கு!"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பன் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு வேண்டாமா, பிள்ளை ஒன்று இருக்கிறது என்ற பொறுப்பாவது வேண்டாமா என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்தினேனே தவிர, "அவள் கையை ஏழாம் நாள் பார்க்கவேண்டும், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பூ மாதிரிக் கை என்று பேர் வாங்கினவன் அல்லவா! வண்டி போய்விட்டது.

ஏழாம் நாள் ஆவடிக்குப் போயிருக்கலாம். ஆறு மைல் ஒரு தூரமா? எனக்கு அன்று வேறு கிராமம் முறை. அடுத்த நாளும் முறை. அந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. எல்லாப் பெயருக்கு எதிரிலும் 'எழும்பியது', என் பேத்தி பெயருக்கு எதிரில் மட்டும் காலி. சொந்தப் பேத்தியைப் பார்க்காதவனா என்று அவர் கேட்பாரே! வாய் கூசாமல் என்பார்கள், எனக்குக் கை கூசவில்லை. 'எழும்பியது' என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்து, "ஒரு குறையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாசி மாதத்தில் ஆவடியிலிருந்து வந்த ஒரு கட்டுமான மேஸ்திரி கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். என் மகன் செங்கல் ஏற்றிய லாரியைச் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ ஓட்டிக்கொண்டு போய் அரை நாள் கழித்துத் திரும்பி வந்தானாம், டிரைவர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு கிளீனராகப் போட்டுவிட்டார்களாம். நாலு பேர் கேட்கச் சொன்னார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், வேறென்ன! ஊர் சுற்ற லாரி கேட்டதா அவனுக்கு? வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம், "உன் மகன் லாரி ஓட்டின லட்சணத்தைக் கேளு" என்று ஆரம்பித்து மாலை வரை நிறுத்தவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது இன்னாய்யா, நல்லது பண்ணா உன் மகன், கெட்டது பண்ணா என் மகனா?" என்றாள்.

பங்குனி பிறந்ததும் ஆவடி கூலி லைனில் அம்மை வந்துவிட்டது என்று தகவல் வந்தது. பெரியம்மை. இரண்டு குழந்தைகள் போய்விட்டன என்றார்கள்.

என் சம்சாரம் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பிறகு தெளிவாகிவிட்டாள். "நமக்கு இன்னா பயம்? நீதான் குத்திகீறியே. உன் கை தப்புமா?" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் அதையே சொன்னாள். அந்தக் குழந்தையின் கை எழும்பியதா என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியும் வைத்திருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆனால் அது என் மகனுடைய பொறுப்பில்லாத்தனம் அல்ல, என்னுடையது. இரண்டு மாதமாக அவனைத் திட்டியதெல்லாம் இதை மறைக்கத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் புதிதாக வந்திருந்த பால் குழாய் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஆவடி என் எல்லை இல்லை, அது வேறொருவருடையது. எல்லை தாண்டிக் குத்தினால் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இறங்கித் துணியை மறுபடி நனைத்துக்கொண்டேன். என் வாய் உலர்ந்துகிடந்தது. எனக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அம்மை வருவதற்கு முன்னால் குத்தினால் உண்டு, வந்தபிறகு குத்தி என்ன பிரயோஜனம் என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

கூலி லைன் என்பது இரண்டு வரிசைத் தகரக் கொட்டகை. முதலில் கண்ணில் பட்டது வேப்பிலை. ஒன்று, இரண்டு, மூன்று வாசலில் செருகியிருந்தது. அந்த வாசல்களுக்குள் அம்மை படுத்திருக்கிறது என்று அர்த்தம். மகன் குடியிருந்தது ஆறாவது. நாலாவதைத் தாண்டினேன். சைக்கிளைத் தகரத்தில் சாய்க்க, அது சரிந்து விழுந்தது.

அவன் வாசலில் வேப்பிலை இல்லை. வாசலில் மண்ணில் உட்கார்ந்து என் பேத்தி ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை அள்ளித் தன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

வாரி எடுத்தேன். இடது கையைத் திருப்பினேன். வழவழவென்று வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அவளோ என் மூக்கைப் பிடிக்க வலது கையைத் தூக்கினாள். அந்தக் கையில், தோளிலிருந்து கீழாக, ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு தழும்பு. இளஞ்சிவப்பாக, நன்றாகப் பால் கட்டி, பொருக்கு உதிர்ந்து ஆறிய தழும்பு. அற்புதமான குத்து. ஆனால் என் கை இல்லை.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னைக் கண்டு நின்றுவிட்டாள்.

"இது யார் கையம்மா?" என்றேன்.

அவள் ஒளிக்கவில்லை. "ஏழாம் நாளு அவரு பாத்தாரு மாமா. நாலு இடத்துலயும் ஒண்ணுமே இல்ல. நைனா ஏழாம் நாளு பாக்கச் சொல்லுவாரு, இத்த பாத்துதான் ஆவணும்னு விளக்க எட்டுத்தாந்து வச்சிக்கினு பாத்தாரு. உங்களுக்குச் சொல்லி அனுப்பலாம்னேன். வாணாம்னுட்டாரு. கேம்ப்பு டாக்டரு சோல்ஜருங்களுக்குத்தான் குத்துவேன்னு தொரத்திட்டாரு. அப்பால, செங்கல்லு லோடு போவச் சொல்ல, எங்கள ஏத்திகினு நேரா திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கே ஓட்டிகினு பூட்டாரு. லாரிய ரோட்டுல நிப்பாட்டிட்டு கியூவுல நின்னு குத்திகினு வந்தாரு. மறு ஏழாம் நாளும் பாத்தாரு. எழும்பிச்சு."

நான் குழந்தையை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் சுற்ற எடுத்துப்போன லாரி! கடைத்தெருவில் நாலு பேர் கேட்க நான் தலைகுனிந்த லாரி! அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே வேலை அது. ஒரே பொருள் அந்த ஸ்டீரிங். அதை என் கை செய்த தப்புக்காகக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். அழுதேன். வெட்கத்தால் அழுதேனா, சந்தோஷத்தால் அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான். அதைவிட அதிகம் பெருமையால்.

பகல் சாப்பாட்டுக்கு அவன் வந்தான். உடம்பெல்லாம் எண்ணெய், காக்கி அரை நிஜார்.

"இன்னா நைனா, இந்த வெயில்ல வந்துகீற?"

"எழும்பலைன்னு ஏண்டா எனக்குச் சொல்லல?"

அவன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டாள்.

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? ரிஜிஸ்தர எடுத்து, 'என் பேத்திக்கே நான் குத்தினது எழும்பல'ன்னு எழுதிகினு போய் இன்ஸ்பெட்டரு முன்னால நிப்ப. நீ அப்படியாப்பட்ட ஆளு. இத்தினி வருசமா வச்சிருந்த பேரு, அதுவும் எம்பொண்ணால போவணுமா? அத்தொட்டுதான் சொல்லல."

பாவி, என்னை அவ்வளவு யோக்கியன் என்று நினைத்திருக்கிறான்! இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷன் இல்லை என்று, "நான் பார்க்காமலே எழும்பிச்சுன்னு எழுதிட்டேண்டா" என்றேன்.

அவன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு வெடித்துச் சிரித்தான். லைனே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. "அப்போ நானு உனக்குப் பொறந்தவன்தான் நைனா!" என்றான்.

சிரித்து ஓய்ந்ததும் ஈரத்துணியைப் பார்த்துவிட்டான். "பால் கொண்டாந்துகீறியா? நல்லதாப் போச்சு. இந்த லைன்ல இன்னும் பதினோரு புள்ளைங்க குத்தாம கீது." என் எல்லை இல்லையே என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அதற்குள் அவன் வெளியே போய், ஒவ்வொரு வாசலாக நின்று, மகளின் வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, எம்பொண்ணு கைய பாருங்க. சுத்தி மூணு ஊட்டுல அம்மா வந்துகீது, இவளுக்கு ஒண்ணும் ஆவல. எங்க நைனா குத்தினது. பூந்தமல்லில கேட்டுப் பாருங்க, அவுரு கை தப்பவே தப்பாது."

பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. நான் சும்மா இருந்திருந்தால் அந்த நாலு தழும்பும் என்னுடையதாகவே போயிருக்கும். என்னால் முடியவில்லை. அது பொய் என்பதற்காக மட்டும் அல்ல, அந்தப் பெருமை அவனுடையது என்பதற்காக.

"இல்லம்மா, இவன் என் மானத்துக்காகச் சொல்றான்" என்றேன். "அது என் கை இல்ல. நான் குத்தினது எழும்பல. ஏழாம் நாள் போய்ப் பார்க்கவேண்டியவன் நான், பார்க்கல. இவன் பார்த்தான். இவன்தான் வேலையப் பத்திக் கவலைப்படாம கூட்டிட்டுப் போய்க் குத்திக்கிட்டு வந்தான். அந்தக் குழந்தை இன்னைக்குச் சிரிச்சு விளையாடுதுன்னா அது இவனால."

அவன் முகம் எப்படிச் சிவந்துபோயிற்று என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். கச்சேரியில் திட்டு வாங்கியபோதும், கரி முகத்தோடு வந்தபோதும் குனியாத தலை குனிந்தது.

கூட்டத்தில் ஒரு தாய், கைக்குழந்தைக்காரி, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொந்தப் பேத்திக்கே எழும்பலன்னா, அப்பால இன்னா நம்பிக்கைல உங்கிட்ட புள்ளைய குடுக்கறது?"

நியாயமான கேள்வி. என் மகன்தான் நிமிர்ந்தான். மகளை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"ஏழாம் நாளு நானு வந்து பாக்கறேன்கா" என்றான். "ஒவ்வொரு புள்ளையா பாக்கறேன். எழும்பலன்னா நானே தூக்கிகினு போறேன்."

அவள் இடுப்பிலிருந்த பிள்ளையோடு முன்னால் வந்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அவன் மடியில் உட்காரவைத்தாள்.